டிரம்மைத் தட்டிப் பாருங்கள்

ஆள் கிளம்பிப் போன பிறகு சரக்குக் கணக்குக் கேட்டு என்னிடம் வருவது இந்த வருடத்தில் இது மூன்றாவது. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, பங்குதாரர்கள் இரண்டு பேர். ஒருவர் மனஸ்தாபத்தில் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். அவர் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் மற்றவருக்கு ஆடிட்டர் ஞாபகம் வந்தது. "சார், மொத்தம் ஒன்றே முக்கால் கோடி போட்டிருக்கோம். அதை அப்படியே சரக்கு, மெஷின்னு காட்டிடுங்க."

குடோனுக்குப் போனேன். முன்வரிசை டிரம்மைத் தட்டினால் மொத்தென்றது. பலகை போட்டு ஏறி உள்வரிசையைத் தட்டினேன். டங், டங். அத்தனையும் காலி.

அசடு வழிந்தவர் போனை நீட்டினார். "அமெரிக்காவே 85 பில்லியன் டாலர் ஆயுதத்தை ஆப்கானிஸ்தான்ல விட்டுட்டு ஓடியிருக்கான். நம்மளுது எம்மாத்திரம் சார்?"

2021-ல் அமெரிக்கப் படை அங்கிருந்து வெளியேறியதிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் ஃபார்வர்டு அது. அவருடைய கணக்கிலும் அதே தப்புதான் என்பதால், அங்கேயே ஒரு டிரம் மேல் உட்கார்ந்து சொன்னேன்.

ஆப்கன் படைகளுக்காக அமெரிக்கா இருபது வருடத்தில் ஒதுக்கிய மொத்தப் பணம் சுமார் 8,300 கோடி டாலர். அதைத்தான் 85 பில்லியன் (8,500 கோடி) ஆக்கி, மொத்தமும் ஆயுதம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் சிப்பாய்ச் சம்பளம் உண்டு, பயிற்சி உண்டு, டீசல் உண்டு, கட்டடம் உண்டு. வாங்கிச் சாப்பிட்டுத் தீர்த்த சம்பளத்தைத் தாலிபான் எங்கிருந்து கைப்பற்றுவது? உங்கள் ஒன்றே முக்கால் கோடியிலும் காய் வாங்கிய பணம், பாய்லர் விறகு, கூலி, கரண்ட் பில் எல்லாம் இருக்கிறது. கரண்ட் பில்லைக் குடோனில் தேடினால் கிடைக்குமா?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2022-ல் கொடுத்த கணக்கு வேறு. 2005 முதல் 2021 ஆகஸ்ட் வரை ஆப்கன் படைகளுக்குக் கொடுத்த தளவாடம் 1,860 கோடி டாலர். கடைசியில் அங்கே மிஞ்சியது 712 கோடி. 3,00,000-க்கு மேல் துப்பாக்கி முதலான ஆயுதங்கள், 40,000-க்கு மேல் வண்டிகள். குறைந்த தொகை என்று யார் சொன்னது? ஆனால் 85 பில்லியன் இல்லை. அதிலும் 92 கோடி டாலர் மதிப்புள்ள 78 விமானங்களைக் காபூல் விமான நிலையத்தில் கிளம்புமுன் பறக்க முடியாதபடி செய்துவிட்டுத்தான் போனார்கள். எண்ணினால் விமானம், ஓட்டினால் இரும்பு.

இன்னொன்று. பெரும்பாலானவை ஆப்கன் அரசுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்தாகிவிட்டவை. டெலிவரி கொடுத்த சரக்கை யாரும் தன் ஸ்டாக்கில் வைப்பதில்லை. (இது பி.காம். முதல் வருடப் பாடம்.)

அமெரிக்கக் கணக்கு யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பரிலிருந்து 2008 ஜூன் வரை அனுப்பிய 2,42,000 ஆயுதங்களில் சுமார் 87,000-க்கு முழுப் பதிவு இல்லை என்று அவர்கள் நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகமே 2009-ல் எழுதியது. அவற்றில் சுமார் 46,000-க்கு வரிசை எண்ணே பதிவில் இல்லை. 2014-ல் வேறொரு ஆய்வு: ஆப்கன் படைகளுக்குக் கொடுத்த ஆயுதங்களின் பதிவேடு ஒன்றில் இருந்த 4,74,823 வரிசை எண்களில் 43 சதவீதம் விவரம் விடுபட்டோ இரட்டிப்பாகவோ கிடந்தன. வெளியேறிய நாளில் தொலைந்த கணக்கு இல்லை இது. கொடுத்த நாளிலேயே எழுதாமல் விட்டது.

அதனால் தயவுசெய்து, ஆள் இருக்கும்போதே எண்ணுங்கள். பங்குதாரர், வாடகைக்காரர், ஸ்டோர் கீப்பர், யார் கிளம்பினாலும் சரி, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மோட்டார் தகட்டில் இருக்கும் எண்ணை எழுதுங்கள். "பெரிய மோட்டார் 1" என்று எழுதாதீர்கள். ஓடுகிறதா என்று ஸ்விட்ச் போட்டுப் பார்த்து அதையும் எழுதுங்கள். போட்டோ எடுங்கள். வாங்கிய விலையையே இன்றைய விலை என்று என்னிடம் நீட்டாதீர்கள், தேய்மானம் என்று ஒன்று இருக்கிறது. வங்கிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கடன் வாங்கியவரிடமிருந்து மாதாமாதம் ஒரே எண்ணோடு வரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை (கையிருப்புக் கணக்கை) பார்த்தால் உங்களுக்குச் சந்தேகமே வராதா?

ஊருக்குப் போனவரை ஒருவழியாகப் போனில் பேசி வரவழைத்தோம். முகம் கொடுத்துப் பேசாமலே இருவரும் மூன்று நாள் எண்ணினார்கள். இப்போது டிரம்களுக்கு வெள்ளை பெயின்ட்டில் எண் போடுகிறார்கள். காலி டிரம்முக்கும் போடணுமா சார் என்று ஆலையில் இருந்த பங்குதாரர் நேற்று கேட்டார். அதற்குத்தான் முதலில் போடணும் என்றேன்.