ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்ட உறவு

2002 ஜனவரி 1 அன்று அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கிய சீனப் பொம்மைக்கு இறக்குமதி வரி கிடையாது. அதற்கு முந்தைய வாரம் இறங்கிய பொம்மைக்கும் வரி கிடையாது. மற்ற பொருட்களின் வரியும் ஏறக்குறைய மாறவில்லை. ஆனாலும் அமெரிக்கா சீனாவிலிருந்து வாங்கிய சரக்கின் மதிப்பு 2001-ல் சுமார் 10,200 கோடி டாலராக இருந்து, 2007-ல் 32,000 கோடி டாலரைத் தாண்டியது. வரி அப்படியே இருக்க, வர்த்தகம் மட்டும் எப்படி மும்மடங்கானது?

பதில் தேட முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். கொரியப் போரின்போது, 1950-ல், அமெரிக்கா சீனாவுடன் கொடுக்கல் வாங்கலை முற்றாக நிறுத்திவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகள் இரு நாட்டுக்கும் தூதரக உறவு இல்லை. 1969-ல் சீனாவும் சோவியத் யூனியனும் எல்லையில் சுட்டுக்கொண்ட பிறகு பெய்ஜிங்கின் கணக்கு மாறியது. மாஸ்கோவைச் சமாளிக்க வாஷிங்டன் தேவைப்பட்டது. வியட்நாமில் சிக்கியிருந்த அமெரிக்காவுக்கும் பெய்ஜிங் தேவைப்பட்டது. ஆனால் முதலில் கை நீட்டுவது யார்? நீட்டிய கையை மற்றவர் தட்டிவிட்டால் சொந்த நாட்டில் முகம் காட்ட முடியாதே.

1971 ஏப்ரலில் ஜப்பானின் நகோயாவில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி நடந்தது. தன் அணியின் பேருந்தைத் தவறவிட்ட கிளென் கோவன் என்ற அமெரிக்க இளைஞர், சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்டார். உள்ளே யாரும் அவரிடம் பேசவில்லை. அமெரிக்கர்களோடு பழகக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்டிருந்த கட்டளை. பின் வரிசையிலிருந்து எழுந்து வந்தவர் மூன்று முறை உலகச் சாம்பியனான ஜுவாங் சதோங். ஹுவாங்ஷான் மலைக் காட்சி நெய்யப்பட்ட பட்டுத்துணி ஒன்றை கோவனுக்குப் பரிசளித்தார். பேருந்து நின்றபோது வெளியே புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள். சில நாட்களில் மாவோவின் ஒப்புதலோடு அமெரிக்க அணிக்கு அழைப்பு போனது. ஏப்ரல் 10 அன்று அவர்கள் சீன மண்ணில் கால் வைத்தார்கள்.

இந்த முறையின் சூட்சுமம், எந்த நேரத்திலும் பின்வாங்கலாம் என்பதுதான். விபரீதமாகிப் போனால், "விளையாட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்று இரு அரசுகளும் கைகழுவியிருக்கும். ஜூலையில் அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸிஞ்சர் பாகிஸ்தானில் வயிற்றுவலி என்று போக்குக் காட்டிவிட்டு ரகசியமாக பெய்ஜிங் பறந்ததும் இதே ரகம். பேச்சு முறிந்திருந்தால் அந்தப் பயணமே நடக்கவில்லை என்றாகியிருக்கும். 1972 பிப்ரவரியில் நிக்சன் சென்றபோது வெளியான ஷாங்காய் கூட்டறிக்கையிலும் இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டைத் தனித்தனிப் பத்திகளில் எழுதிக்கொண்டன. தைவான் விஷயத்தில் ஒரே சீனாதான் உண்டு என்று நீரிணையின் இரு கரையிலும் உள்ள சீனர்கள் சொல்வதை அமெரிக்கா அறிந்திருக்கிறது, அதை மறுத்து வாதிடவில்லை என்பதோடு வாசகம் நின்றது. ஏற்கிறதா இல்லையா என்று அதில் சொல்லவில்லை. என் பார்வையில், இவ்வளவு நாள் தாக்குப்பிடித்த மழுப்பல் வேறெதுவும் ராஜதந்திர வரலாற்றில் இல்லை.

பகை தணிவதற்கு, திரும்பிப் போகும் வழி திறந்தே இருக்க வேண்டும். வர்த்தகத்துக்கு நேர்மாறான ஏற்பாடு தேவை. அங்கே திரும்பிப் போகும் வழியை அடைத்தால்தான் பணம் உள்ளே வரும்.

1979 ஜனவரி 1 அன்று முழுமையான தூதரக உறவு ஏற்பட்டது. அடுத்த ஆண்டே சீனாவுக்கு எம்.எஃப்.என் (Most Favoured Nation) எனப்படும் சலுகை வரி கிடைத்தது. சலுகை என்பது பெயரளவில்தான். ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் அமெரிக்கா போடும் சாதாரண வரிதான் அது. ஆனால் கம்யூனிச நாடுகளுக்கு 1974-ன் ஜாக்சன்–வானிக் சட்டத் திருத்தம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: குடிமக்களை நாட்டைவிட்டு வெளியேற விட வேண்டும். சோவியத் யூதர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. இதைப் பற்றி அதிபர் கார்ட்டர் பேச்செடுத்தபோது, "எத்தனை பேர் வேண்டும், ஒரு கோடி பேரை அனுப்பட்டுமா?" என்று சீனத் தலைவர் டெங் சியாவோபிங் கேட்டதாகச் சொல்வார்கள். பேச்சு அதோடு முடிந்தது, சட்டம் முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 3-க்குள் இந்த நிபந்தனையிலிருந்து சீனாவுக்குத் தந்த விலக்கை அதிபர் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் நினைத்தால் தடுக்கலாம்.

தடுத்தால் என்ன வரி? 1930-ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் தொடக்கத்தில், ஸ்மூட்–ஹாலி சட்டம் விதித்த பழைய வரி. இன்றும் அது அமெரிக்க வரிப்பட்டியலின் இரண்டாம் பத்தியில் (column 2) இருக்கிறது. கியூபா, வடகொரியா போன்ற நாடுகளுக்கு அதுதான் பொருந்தும். சராசரியாகச் சாதாரண வரி 4% என்றால், இரண்டாம் பத்தி வரி 37%. பொம்மைக்குப் பூஜ்யம் எழுபதாகிவிடும்.

1989 வரை புதுப்பிப்பு வெறும் சடங்கு. தியானன்மென் சதுக்கத்தில் ராணுவம் புகுந்த பிறகு ஆண்டுதோறும் பெரும் சண்டையாகிவிட்டது. பிரதிநிதிகள் சபையில் சலுகையை ரத்து செய்யும் தீர்மானங்கள் நிறைவேறின, சலுகைக்கு நிபந்தனை போடும் மசோதாக்களை 1992-ல் அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் வீட்டோ செய்ய வேண்டி வந்தது. சலுகை ஒருமுறைகூடப் பறிபோகவில்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் பறிபோகலாம் என்ற நிலை இருந்தது.

ஷென்சென் பக்கம் ஒரு பொம்மைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பொம்மைக்கு எஃகு அச்சு வெட்ட வேண்டும். அந்த அச்சில் அந்தப் பொம்மை மட்டும்தான் வரும். வேண்டாமென்றால் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். இயந்திரம், தரச் சோதனை, வாங்குபவரின் நம்பிக்கை என எல்லாம் சேர்த்து 10 லட்சம் டாலர் என்றும், ஆண்டு லாபம் 2 லட்சம் என்றும் ஒரு பேச்சுக்கு வைப்போம். போட்ட பணம் திரும்ப ஐந்து ஆண்டு ஆகும். ஒவ்வொரு கோடையிலும் சலுகை பறிபோக 10% வாய்ப்பு என்றால், ஐந்து ஆண்டும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் 59%. அதாவது பத்தில் நான்கு பங்கு, முதலே திரும்பாது.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. இன்று பணம் போடாவிட்டால் வாய்ப்பு அழிந்துவிடாது. அடுத்த ஆண்டும் போடலாம். அப்போது கூடுதலாக ஒரு விவரம் கையில் இருக்கும். காத்திருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. பொருளியலில் இதைக் கணக்கிட வாய்ப்பாடுகளே இருக்கின்றன. 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சொந்தச் செலவில் மாடுலர் கிச்சன் போடமாட்டார்.

இதை முடிவுக்குக் கொண்டுவர சீனப் பிரதமர் ஜு ரோங்ஜி தீவிரமாக இருந்தார். உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தால் வெளிநாட்டுச் சந்தை நிரந்தரமாகும். நஷ்டத்தில் ஓடும் அரசு ஆலைகளைச் சீர்திருத்த வெளியிலிருந்து ஒரு நெருக்கடியும் கிடைக்கும். 1992-ல் 43% ஆக இருந்த சராசரி இறக்குமதி வரியை 2001-க்குள் சீனா 15% அளவுக்குக் குறைத்தது. 1999 ஏப்ரலில் அவர் பெரும் சலுகைகளோடு வாஷிங்டன் போக, கிளிண்டன் தயங்கிவிட்டார். அடுத்த மாதமே பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின் மீது அமெரிக்க குண்டு விழுந்தது. இருந்தும் நவம்பர் 15 அன்று பெய்ஜிங்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கடைசி நேரத்தில் ஒட்டுக்கேட்பு இல்லாத இடம் தேடி, அமெரிக்கத் தூதுக்குழுத் தலைவி ஷார்லீன் பார்ஷெஃப்ஸ்கி பெண்கள் கழிவறைக்குள் போய் கிளிண்டனுக்குப் போன் போட்டார். உலக வர்த்தகத்தைத் திருப்பிப்போட்ட பேச்சுவார்த்தையின் கடைசிக் கட்டம் அங்கேதான் நடந்தது.

சீனாவுக்கு நிரந்தரச் சலுகை தரும் மசோதா 2000 மே 24 அன்று பிரதிநிதிகள் சபையில் 237–197 என்று தேறியது. 2001 டிசம்பர் 11 அன்று சீனா உலக வர்த்தக அமைப்பின் 143-வது உறுப்பினரானது. அடுத்த ஜனவரி முதல் ஆண்டுப் புதுப்பிப்பு ஒழிந்தது. அச்சு வெட்டத் தயங்கியவர்கள் வெட்டினார்கள். அமெரிக்காவில் ஆலையை மூடத் தயங்கியவர்களும் மூடினார்கள்.

இது வெறும் ஊகம் இல்லையா என்று கேட்கலாம். ஜஸ்டின் பியர்ஸ், பீட்டர் ஷாட் என்ற இரு பொருளியலாளர்கள் சோதித்த விதம் அழகானது. இரண்டு வரிகளுக்கும் உள்ள இடைவெளி பொருளுக்குப் பொருள் மாறும். அதற்குப் பெரும்பாலும் காரணம் 1930-ல் எழுதப்பட்ட வரி. 2001-ன் சீனாவை நினைத்து அதை யாரும் நிர்ணயித்திருக்க முடியாது. எனவே அச்சத்தின் அளவு ஆய்வுக்கூடத்தில் கலந்து கொடுத்ததுபோல் தானாகவே பிரிந்து கிடந்தது. இடைவெளி அதிகமான துறைகளில் சீன இறக்குமதி அதிகமாக ஏறியது, அமெரிக்க வேலைகள் அதிகமாகக் குறைந்தன. ஐரோப்பாவோ 1980-லேயே சீனாவுக்கு நிலையான சலுகை கொடுத்திருந்தது. அங்கே இந்தத் தொடர்பு தென்படவில்லை. 2000 முதல் 2005 வரையிலான சீன ஏற்றுமதி வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த அச்சம் நீங்கியதால் வந்தது என்பது கைல் ஹேண்ட்லி, நூனோ லிமாவோ இருவரின் கணக்கு. மீதிக்குச் சீனாவின் உள்நாட்டுச் சீர்திருத்தம், சாலை, துறைமுகம், கூலி என்று வேறு காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு வாக்கெடுப்பின் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் 2001 முதல் 2007 வரை அமெரிக்க உற்பத்தித் துறை வேலைகள் 18% குறைந்ததில் இந்த வாக்கெடுப்புக்குப் பங்கே இல்லை என்றும் இனி சொல்ல முடியாது.

2018-ல் டிரம்ப் வரி விதிக்கத் தொடங்கியதும் கதவு மறுபடி ஆட ஆரம்பித்தது. 2025 ஏப்ரலில் புதிய வரி சில நாட்களில் 145% தொட்டது. மே மாதம் ஜெனீவாவில் 90 நாட்களுக்கு 30% ஆனது. பிறகு 90 நாட்கள் நீட்டிப்பு, அடுத்து ஓராண்டு நிறுத்தம். நிறுவனங்களும் அதற்கேற்பத்தான் நடந்துகொள்கின்றன. சீனாவில் இருக்கும் ஆலையை மூடுவதில்லை, கடைசிக்கட்ட வேலையை மட்டும் வியட்நாமுக்கோ மெக்சிகோவுக்கோ மாற்றுகின்றன. 2023-ல் அமெரிக்காவுக்கு அதிகம் விற்ற நாடு என்ற இடத்தைச் சீனாவிடமிருந்து மெக்சிகோ பிடித்தது. அங்கே பூட்டப்படும் பொருட்களின் உதிரிப் பாகங்களில் கணிசமானவை இன்னமும் சீனாவிலிருந்துதான் வருகின்றன.