சுவரடியில் மேடேறும் சேறு

கடலோரத்தைச் சுவர் எழுப்பித் தூர்த்து நிலமாக்கும் திட்டம் ஒன்றுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, போன வருடம் கருத்துச் சொல்லும்படி என்னிடம் வந்தது. அதில் இப்படி ஒரு வரி இருந்தது: தூர்க்கப்படும் பரப்புக்கு வெளியே உள்ள சேற்றுவெளிக்குப் பாதிப்பு இல்லை, சுவரை ஒட்டிப் படிவு கூடவே செய்யும். பின்பாதி பெரும்பாலும் சரி. அதையே முன்பாதிக்குச் சான்றாகக் காட்டியதுதான் தவறு. கடலோரப் பொறியியலில் இருக்கும் எனக்கு இந்த வரி புதிதல்ல. வேறு வேறு அறிக்கைகளில், வேறு வேறு சொற்களில் அது வந்துகொண்டே இருக்கிறது.

ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல்நீர், ஏறினால் மூழ்கி, வற்றினால் வெளியே தெரியும் தரையைத்தான் சேற்றுவெளி என்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சேறு. தரையின் உயரத்தை அளக்கும் லெவல் கருவியைக் கரையில் நிறுத்திவிட்டு, அதன் அளவுகோலான ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு நீர் விளிம்பு வரை நடந்தால்தான் அதற்கு ஒரு வடிவம் உண்டென்று கால் சொல்லும். கரைப்பக்கம் முழங்கால்வரை புதையும். கடலை நோக்கிப் போகப் போக மணல் கூடி, தரை கெட்டிப்படும். ஏறி வரும் நீர் கரையை நெருங்க நெருங்க வேகம் இழப்பதுதான் காரணம். மணல் வழியிலேயே விழுந்துவிடுகிறது. மெல்லிய வண்டல் மட்டும் மேலே வந்து, நீர் உச்சத்தில் அசையாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அடியில் தங்குகிறது. தங்கியதைத் திரும்பக் கிளப்ப இன்னும் கூடுதல் வேகம் வேண்டும். இறங்கும் நீருக்கு அந்த இடத்தில் அவ்வளவு வேகம் கிடையாது. அதனால் ஒவ்வொரு ஓதமும் ஒரு மெல்லிய பூச்சைப் பூசிவிட்டுப் போகிறது.

வண்டல் வரத்து தாராளமாக இருந்து, அலையைவிட ஓதத்தின் கை ஓங்கியிருந்தால், வெளியின் வெட்டுமுகம், அதாவது கரையிலிருந்து கடல்வரை குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் வடிவம், கவிழ்த்து வைத்த தட்டைப்போல உப்பியிருக்கும். வரத்து குறைந்து அலை ஓங்கினால், நிமிர்த்திய தட்டைப்போலக் குழியும். இந்த இரண்டில் எது என்று தெரிந்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

சீனாவில் ஷாங்காய்க்கு வடக்கே இருக்கும் ஜியாங்சு கரையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1128 முதல் 1855 வரை மஞ்சள் ஆறு இந்தக் கரையில்தான் கடலில் கலந்தது. 1855இல் ஆறு வடக்கே போஹாய் கடல் பக்கம் திரும்பிவிட்டது. வரத்து நின்றுபோன பழைய கழிமுகம் அன்றுமுதல் கரைந்துகொண்டிருக்கிறது. அந்த மண்ணில் ஒரு பங்கு தெற்கே நகர்ந்து நடுக்கரையை வளர்க்கிறது. 11ஆம் நூற்றாண்டில் ஃபான் ஜோங்யான் என்ற அதிகாரி முன்னின்று எழுப்பிய கடல் அணை இன்று கடலை விட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கிறது. அதன் பிறகும் சுவர்கள் எழுந்தன. ஆனால் முன்னாலிருக்கும் சேறு உயர்ந்து, உவர்ப்புல் முளைத்து, ஓதம் எப்போதாவது எட்டிப் பார்க்கும் மேடான பிறகே அடுத்த சுவர் வந்தது. கடல் கொடுத்து முடித்ததை எடுத்துக்கொண்டார்கள்.

2009இல் அறிவித்த கரையோர வளர்ச்சித் திட்டம் இந்தப் பொறுமையைக் கைவிட்டது. 2020க்குள் சுமார் 1800 சதுர கி.மீ. தூர்ப்பது என்பது இலக்கு. சுவர்கள் மேட்டைத் தாண்டி இறங்கி, தினமும் மூழ்கும் தரையிலேயே வந்து நின்றன. மேலே ஏறிப் பரவ வேண்டிய நீருக்கு இப்போது போக இடமில்லை. நீரோட்டம் சுவரடியில் தளர்ந்து, கொண்டுவந்த வண்டலைக் கொட்டிவிடுகிறது. முதல் சில ஆண்டுகளில் அங்கே கிடுகிடுவென மேடேறும். அறிக்கை எழுதுபவர்களுக்குப் பிடித்த படம் இதுதான். ஆனால் வற்றுநீர்க் கோடு, அதாவது ஓதம் முழுக்க இறங்கியபோது நீர் நிற்கும் விளிம்பு, அதே வேகத்தில் கடலுக்குள் நகர்வதில்லை. மேல்முனை உயர்கிறது, கீழ்முனை இருந்த இடத்திலேயே இருக்கிறது, நடுவில் தூரம் குறைந்துவிட்டது. வெளி குறுகிச் செங்குத்தாகிறது. முன்பு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தரையில் உராய்ந்து சோர்ந்துபோகும் அலை, புயல் நாளில் பலத்தோடு சுவரில் மோதித் திரும்பி, அடியைத் தோண்டுகிறது. வரத்து இருக்கும் கரை இதைத் தாங்கும். வடக்கே கரைந்துகொண்டிருக்கும் பகுதி போன்ற இடங்களில் தாங்காது.

சுவருக்குள் முதலில் போவது சேற்றுவெளியின் மேல்தளம். ஓத உச்சத்தில் கரைப்பறவைகள் ஒதுங்கி நிற்கும் இடம் அது. ஒரு காலத்தில் கோடியக்கரை வரை வந்துபோன கரண்டிமூக்கு உள்ளான் இதே ஜியாங்சு கரையில்தான் இறகு உதிர்த்து ஓய்வெடுக்கிறது. 2018இல் சீனா வணிகத்துக்காகக் கடலைத் தூர்ப்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு இந்தக் கரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு இந்தக் கரையில் உள்ள தியாவ்சினியில் சுவருக்கு உள்ளே 48 ஹெக்டேரைப் பறவைகள் நிற்பதற்கென்றே திரும்ப ஒதுக்கி, நீர்மட்டத்தைக் கையால் பராமரிக்கிறார்கள்.

உள்ளே வரும் ஓதநீரைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் கிழக்கு ஸ்கெல்ட் என்ற கடல் நுழைவாய் இருக்கிறது. அங்கே நடந்தது கடலைத் தூர்ப்பதல்ல, புயல்தடுப்பு. 1986இல் திறந்த மதகுத் தடுப்பும் அதோடு கட்டிய அணைகளும் உள்ளே போய்வரும் ஓதநீரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. வாய்க்கால்களின் அளவோ பழைய நீருக்கானது. அலை, ஓதம் வற்றும்போது வெளியே தெரியும் மணல் திட்டுகளிலிருந்து மணலைச் சரித்து வாய்க்காலில் தள்ளுகிறது. தளர்ந்த நீரோட்டத்துக்கு அதைத் திரும்ப மேலேற்றத் தெம்பில்லை. டச்சுக்காரர்கள் இதை ‘மணல் பசி’ என்கிறார்கள். திட்டுகள் தாழ்ந்துகொண்டே போவதால், 2019இல் ரோகன்பிளாட் என்ற திட்டுக்கு மணலை அள்ளிக் கொட்ட வேண்டியதாயிற்று.

நம் ஊரில் 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை உயிர்ப்புள்ள சேற்றுவெளிகளை உச்சப் பாதுகாப்பு வகையில் வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் பக்கத்து உப்பளத்தையோ ஓடைக்கரையையோ தூர்த்தால், பாதுகாத்த வெளிக்குள் போகும் நீர் எவ்வளவு குறையும் என்று கோடு போட்ட வரைபடம் சொல்லாது. இரண்டு செயற்கைக்கோள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “வெளி வளர்ந்திருக்கிறது” என்பவர்களிடம் ஒரு சின்னக் கணக்கு கேட்பேன். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில், படம் எடுத்த நேரத்தின் நீர்மட்டம் 20 செ.மீ. வேறுபட்டாலே நீர்க்கோடு 200 மீட்டர் நகர்ந்துவிடும். சென்னைப் பக்கம் பெரிய ஓதமே ஒரு மீட்டரை ஒட்டித்தான். அப்படிப்பட்ட இடத்தில் அந்த 20 செ.மீ. சில்லறை அல்ல.

அந்த அறிக்கைக்குத் திரும்பினால், கரையிலிருந்து வற்றுநீர்க் கோட்டுக்கு அப்பால் வரை, மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த வெட்டுமுகங்களைக் கேட்டு எழுதினேன். வந்த வரைபடங்கள் எல்லாம் நூறு மீட்டரோடு நின்றிருந்தன. சேறு ஆழமாக இருந்ததால் அதற்கு மேல் ஆட்களால் போக முடியவில்லையாம். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் காலில் மணல் தட்டியிருக்கும்.