வாய்ட் டெக்: தமிழில் எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றின் தரைத்தளத்தில் வீடுகள் இல்லை. தூண்கள் மட்டும் கட்டடத்தைத் தாங்கி நிற்க, நிழலும் காற்றுமாகத் திறந்து கிடக்கும் அந்த இடத்துக்கு 'வாய்ட் டெக்' என்று பெயர். 1970களில் அது கழகக் கட்டடங்களின் வழக்கமான அங்கமாகிவிட்டது.

'வாய்ட்' லத்தீனில் வேர்கொண்டு பழைய பிரெஞ்சு வழியே வந்த சொல். வெறுமை என்று பொருள். 'டெக்' டச்சு மொழியில் மூடுகூரை. ஆங்கிலத்தில் கப்பலின் மேல்தளமாயிற்று. இரண்டையும் சேர்த்து 'வெற்றுத்தளம்' என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அங்கே இல்லாதது சுவர், ஆட்கள் அல்லர்.

மின்தூக்கியும் அஞ்சல் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே பத்தாம் மாடிக்காரரும் மூன்றாம் மாடிக்காரரும் அந்த நிழலைக் கடந்தே வீடு சேர வேண்டும். சதுரங்கக் கட்டம் பதித்த மேசைகளில் முதியவர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒரு வாரம் மலாய்க் குடும்பத்தின் கல்யாண விருந்து நடக்கும். இன்னொரு வாரம் அதே தூண்களுக்கு நடுவே சீனக் குடும்பம் ஒன்று தன் மூத்தவரைக் கிடத்தி, பல நாள் துக்கம் காக்கும். அழைப்பு இல்லாத அயலாருக்கும் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலும், எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று 1989இல் அரசு வரம்பு வகுத்தது. அது இவர்களை ஒரே கூரையின்கீழ்க் குடிவைத்தது. முகம் பார்க்க வைப்பது இந்தத் தளம். பந்து விளையாடத் தடை என்ற பலகைகளும் இங்கே உண்டு, அது வருத்தமே.

சிங்கப்பூர்த் தமிழர் வழக்கில் இது 'புளோக்கின் கீழ்த்தளம்'. செய்திக்கு அது போதும். இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்கிறது. பயனையும் சேர்த்துச் சொல்ல விரும்பினால் பழந்தமிழில் 'பொதியில்' இருக்கிறது. பொது இல், அதாவது எல்லாருக்குமான கூரை. கரிகாலன் அழித்த பகைவர் ஊர்களில் முன்பு புதிதாய் வந்தவர்கள் தங்கிய பொதியிலைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சிங்கப்பூர் போன்ற துறைமுக நகரம் ஒன்றுக்கு இதைவிடப் பொருந்தும் சொல்லை நான் அறியேன்.

புதிய குடியிருப்புகள் சிலவற்றில் இந்தத் தளம் சுருங்கி, விருந்துகளுக்கெனத் தனிக் கூடம் ஒன்றை வளாகத்தில் வேறிடத்தில் கட்டுகிறார்கள். அதைப் பொதியில் என்று சொல்ல மாட்டேன். வீடு திரும்புகிறவர் அதைக் கடந்து போக வேண்டியதில்லை.