இனக்கவர்ச்சியா, மையலா?

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் 'ரோமியோ ஜூலியட்' கதைச் சுருக்கம் ஒன்று வந்திருந்தது. "இது என்ன அங்கிள்?" என்று ஒரு வரியைக் காட்டினான். ஜூலியட்டைப் பார்ப்பதற்கு முன் ரோசலின் என்ற பெண்ணையே நினைத்துக் கிடந்த ரோமியோவிடம் பாதிரியார் லாரன்ஸ் சொல்கிறார்: "நீ ரோசலின்மேல் கொண்டது காதல் அல்ல, வெறும் இனக்கவர்ச்சி."

பாதிரியாரை உயிரியல் வாத்தியார் ஆக்கிவிட்டார்கள்.

ஆங்கில மூலத்தில் அவர் வாயில் வருவது 'டோட்டிங்'. புத்தி மழுங்கி ஒருவரையே நினைத்துக் கிடப்பது. கிழப்பருவத்துத் தடுமாற்றமான 'டோட்டேஜ்' இதன் உடன்பிறப்பு. இதற்கு இன்று எல்லாரும் சொல்லும் ஆங்கிலச் சொல்லான 'இன்ஃபாச்சுவேஷன்', லத்தீனில் மடையனைக் குறிக்கும் 'ஃபாட்டுவுஸ்' வழி வந்தது. இரண்டுக்கும் அடியில் இருப்பது அசட்டுத்தனம்.

இனக்கவர்ச்சியில் அந்த அசடு எங்கே? அது பருவம் வந்த எல்லாருக்கும் உள்ளது. அதற்காகத் திட்டப் பாதிரியாருக்கு என்ன வேலை? அதைவிடப் பெரிய கோளாறு, கவர்ச்சி என்பது இழுப்பவரிடம் இருப்பது. காந்தத்துக்குக் கவர்ச்சி உண்டு. போய் ஒட்டிக்கொள்ளும் ஆணிக்குக் கிடையாது. இங்கே ரோமியோதான் ஆணி. ரோசலினுக்கு நாடகத்தில் ஒரு வசனம்கூட இல்லை.

அப்புறம் 'இனம்'. இதே கதையை நியூயார்க் தெருவுக்குக் கொண்டுபோன 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1957இல் மேடையேறி 1961இல் படமானது. ஒரு பக்கம் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், எதிர்ப்பக்கம் வெள்ளைக்காரப் பையன்கள். மரியாவைப் பார்த்த மாத்திரத்தில் டோனி சொக்கிப்போவதை இனக்கவர்ச்சி என்று எழுதிப் பாருங்கள். இனம் வேறாக இருப்பதால்தானே அங்கே கொலையே விழுகிறது!

சிலர் 'விடலைக் காதல்' என்கிறார்கள். பொருந்துகிற மாதிரிதான் தோன்றும். ஜூலியட்டுக்கு 14 நிறையவில்லை. ஞாயிறு இரவு விருந்தில் பார்க்கிறார்கள், திங்கள் கல்யாணம், அந்த வாரம் முடிவதற்குள் கல்லறை. ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுப் பாட்டில் அவளுக்கு 16, கதையும் மாதக்கணக்கில் போகிறது. அவசரத்தைக் கூட்டியவர் ஷேக்ஸ்பியர்தான். சரி, ஆனால் விடலை என்பது வயது. நாம் தேடுவது மனநிலை. அதே ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில், கழுதைத் தலையோடு நிற்பவனிடம் இதே 'டோட்' சொல்லைச் சொல்லி உருகுகிறாள் டைட்டானியா. அவள் விடலையா? தேவதைகளின் அரசி, புருஷன் உள்ளவள்.

மோகம் நல்ல சொல்தான். நகை மோகம், செல்போன் மோகம் என்று கடைத்தெருவுக்குப் போய்விட்டது.

கையில் மையல் இருக்கிறது. மயல், மயக்கம் இவற்றின் குடும்பம். கொண்டவரிடமே நிற்கும் சொல்: மையல் கொண்டான், மையலில் விழுந்தாள். யானையின் மதத்துக்கும் இதே பெயர். 'மையல் ஒருவன் களித்தற்றால்' என்று குறள் 838 தொடங்குகிறது. ஏற்கெனவே பித்துப் பிடித்தவன் கள்ளும் குடித்தாற்போல. அதிகாரத்தின் பெயர் பேதைமை! லத்தீன் மடையனுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு என்ன வேண்டும்?

"பழைய சொல், யாருக்குப் புரியும்?" என்பார்கள். 'இனக்கவர்ச்சி' மட்டும் புரிந்ததா? புரிந்திருந்தால் பையன் என்னிடம் ஏன் வருகிறான்? அகராதியைப் புரட்டச் சோம்பல், அவ்வளவுதான்.

அந்த வரியை இப்படி மாற்றிச் சொன்னேன்: "மையல் கொண்டதற்குத்தான் திட்டினேன், காதலித்ததற்கு அல்ல, பிள்ளாய்." எழுதிக்கொண்டான். 'பிள்ளாய்' மட்டும் வேண்டாமாம்.