ட்ரிப்ஸ்ல ஏத்துன செல்லு எலும்புக்குள்ள எப்படி போகுது?

ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. அவங்க அண்ணனுக்கு ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளாண்ட், கூட இருந்து பாத்துக்கறது இவங்கதான். "ட்ரான்ஸ்பிளாண்ட்னதும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்துனு நெனச்சு பயந்துட்டு இருந்தேன், பாத்தா பெட்லயே வச்சு பிளட் ஏத்துற மாதிரி ஒரு பைய மாட்டுனாங்க, கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருச்சு. இன்னைக்கு ஆறாவது நாள், வெள்ளையணு கவுன்ட் ஜீரோன்னே வருது. அந்த செல்லெல்லாம் எலும்புக்கு போய் சேந்துச்சா இல்லையா?"

எங்க அப்பாவுக்கு நடந்தப்ப நானும் இதே கேள்வியோட ரூமுக்கு வெளிய உக்காந்திருக்கேன். அப்ப யாராவது இத சொல்லியிருந்தா அந்த ரெண்டு வாரம் கொஞ்சம் நல்லா தூங்கியிருப்பேன், அதனால விரிவாவே எழுதறேன்.

ஸ்கூல்ல படிச்சதுதான், எலும்பு மஜ்ஜையில இருக்கற ஸ்டெம் செல்லுங்கற தாய் செல்கள்ல இருந்துதான் ரத்த அணுக்கள் உருவாகுது, சிவப்பணு மட்டுமே ஒரு நாளைக்கு சுமார் 20,000 கோடி. ஹை டோஸ் கீமோ குடுத்து நோயுள்ள செல்லோட சேத்து மஜ்ஜையையும் காலி பண்ணிடறாங்க, அப்பறம் முன்னாடியே எடுத்து வச்ச சொந்த ஸ்டெம் செல்லயோ, டோனரோட செல்லயோ ஏத்துறாங்க. டோனர்னா ஹெச்எல்ஏ, அதாவது செல்லு மேல இருக்கற அடையாளப் புரதங்கள் பொருந்தணும், கூடப் பொறந்தவங்க ஒருத்தருக்கு முழுசா பொருந்த 25 சதவீதம்தான் வாய்ப்பு. உடம்பு எடையில கிலோவுக்கு 20 லட்சத்துல இருந்து 50 லட்சம் ஸ்டெம் செல் வரைக்கும் குடுப்பாங்க, 60 கிலோ ஆளுக்கு கொறஞ்சது 12 கோடி.

இப்பதான் எனக்கு ரொம்ப புடிச்ச இடம். ட்யூப் வழியா உள்ள போன செல் முதல்ல இதயத்துக்கு போகுது, அங்கிருந்து நுரையீரல், திரும்ப இதயம், அப்பறம் உடம்பு பூரா ஒரு சுத்து. மூளைக்கும் போகும், கால் விரலுக்கும் போகும், கொஞ்சம் நுரையீரல்லயும் மண்ணீரல்லயும் மாட்டிக்கும். கைய புடிச்சு எலும்புக்கு கூட்டிட்டு போக ஆள் யாரும் கெடையாது. ஆனா மஜ்ஜைக்குள்ள ஓடுற மெல்லிய ரத்தக்குழாய்களோட உள்சுவர்ல செலக்டின்னு ஒரு புரதம் நீட்டிட்டு நிக்குது. மத்த பெரும்பாலான எடத்துல வீக்கம், அழற்சி வந்தாதான் இதுல ஒரு வகை வெளிய தலைகாட்டும், மஜ்ஜையிலயோ எப்பவுமே இருக்கும். ஆத்து வெள்ளத்துல மெதந்து போற நெத்து கரையோரக் கோரைப்புல்லுல சிக்கி, விடுபட்டு, மறுபடி சிக்கி வேகம் கொறையுமே, அதே மாதிரி ஸ்டெம் செல் அந்த சுவர்ல உரசி உருள ஆரம்பிக்குது.

உருளும்போதுதான் அதுக்கு ஒரு சேதி கெடைக்குது. மஜ்ஜையில இருக்கற செல்கள் சிஎக்ஸ்சிஎல் 12-னு ஒரு சின்ன புரதத்த விடாம சுரந்துட்டே இருக்கும், ஸ்டெம் செல்லோட மேற்பரப்புல அத உணர்ற சிஎக்ஸ்சிஆர் 4-னு ஒரு ஏற்பி இருக்கு. ரெண்டும் சேந்ததும் செல் உருளறத நிறுத்திட்டு சுவர கெட்டியா புடிச்சுக்குது, அப்பறம் தன்னையே ஒடுக்கி ஒடுக்கி, சுவரோட செல்களுக்கு நடுவுல நுழைஞ்சு உள்ள போயிடுது. உள்ள அந்தப் புரதம் எங்க அதிகமோ அங்க போய் உக்காந்துக்கும். இதெல்லாம் நாள்கணக்குல இல்ல, மணிக்கணக்குலயே ஆரம்பிச்சிடும். அதாவது அண்ணனுக்கு பைய மாட்டுன அன்னைக்கு ராத்திரியே, நீங்க பக்கத்துல சேர்ல உக்காந்திருந்தப்பவே, இது நடந்துட்டு இருந்திருக்கு.

இந்தப் புரதம் எவ்வளவு முக்கியம்னு 1996-லயே எலியில பாத்தாங்க, அதுக்கான ஜீனே இல்லாத எலிக்கருவுல மஜ்ஜையில ரத்த உற்பத்தி சரியா தொடங்கவே இல்ல. இதுல இன்னொரு கதையும் உண்டு. சில வகை ஹெச்ஐவி வைரஸ் செல்லுக்குள்ள நுழையறதுக்கு இதே சிஎக்ஸ்சிஆர் 4-ஐத்தான் கதவா வச்சிருக்கு. ஹெச்ஐவிக்குனு உருவாக்குன ப்ளெரிக்ஸாஃபார்ங்கற மருந்து அந்தக் கதவத்தான் அடைக்குது, அத ஆரோக்கியமான ஆளுங்களுக்கு குடுத்து சோதிச்சப்ப வெள்ளையணு திடீர்னு ஏறுச்சு. காரணத்த தேடிப் போனா, ஏற்பி அடைபட்டதும் மஜ்ஜையில இருந்த செல்லெல்லாம் புடிய விட்டுட்டு ரத்தத்துக்கு வந்திருக்கு, அதுல ஸ்டெம் செல்லும் இருந்துச்சு. ஹெச்ஐவி மருந்தா அது வரல, ஆனா ஸ்டெம் செல் சேகரிக்க உதவுற மருந்தா 2008-ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. இன்னைக்கு, ஸ்டெம் செல்ல மஜ்ஜையில இருந்து ரத்தத்துக்கு வரவைக்கற ஜி-சிஎஸ்எஃப் ஊசி மட்டும் போட்டு போதுமான செல் கெடைக்காதவங்களுக்கு இதையும் சேத்து குடுக்கறாங்க. அடிப்படை ஆராய்ச்சிக்கு பணம் ஒதுக்கும்போதெல்லாம் "இதனால உடனே என்ன பிரயோஜனம்"னு கேக்கறவங்க இத ஒருதடவ யோசிக்கணும், எலிக்கருவ ஆராய்ஞ்சவங்களால இப்படி ஒரு பயன முன்கூட்டியே எழுதிக் குடுத்திருக்க முடியுமா என்ன?

சரி, போய் சேந்துட்டா அப்பறம் ஏன் ஜீரோ? ஸ்டெம் செல் நேரா வெள்ளையணு ஆயிடாது, பிரிஞ்சு பெருகி, படிப்படியா முதிர்ந்து, அப்பறம்தான் ரத்தத்துக்கு வரும். சொந்த செல்லுனா பெரும்பாலும் 10-ல இருந்து 14 நாள், டோனர் செல்லுனா ரெண்டுல இருந்து நாலு வாரம்கூட ஆகலாம். ஆறாவது நாள் ஜீரோங்கறது எதிர்பாத்ததுதான்.

இந்த நாட்கள்ல கூட இருக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். சீழ்ங்கறதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான் (கிருமிய எதிர்த்து சண்டை போடற ஒரு வகை வெள்ளையணு), அதுவே இல்லாதப்ப உடம்புக்குள்ள கிருமி நுழைஞ்சாலும் சீழ் புடிக்காது, வீக்கமோ சிவப்போ சரியா தெரியாது, பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் அறிகுறி. அதனால 38 டிகிரி செல்சியஸ் தொட்டா நடுராத்திரியா இருந்தாலும் உடனே நர்ஸ கூப்பிடுங்க, விடியட்டும்னு இருக்காதீங்க, நீங்களா காய்ச்சல் மாத்திர குடுக்கவும் வேணாம். பாக்க வர்றவங்க "எதிர்ப்பு சக்தி பொடி"ய நீட்டுனா கண்டிப்பா மறுத்துடுங்க. பதப்படுத்தாத செடிப் பொடியில பூஞ்சை வித்து இருக்கலாம், சில மூலிகைங்க, டோனர் செல் உடம்ப தாக்காம இருக்க குடுக்கற சைக்ளோஸ்போரின் மாதிரி மருந்து ரத்தத்துல இருக்கற அளவையே மாத்திடும். பாசத்துலதான் கொண்டு வராங்க, ஆனா இந்த விஷயத்துல அந்தப் பாசத்துக்கு நான் கொஞ்சமும் எடம் குடுக்க மாட்டேன்.

முதல் நாள் ரெண்டு நாள் உங்க அண்ணன் மூச்சுல பூண்டு மாதிரி ஒரு வாடை அடிச்சிருந்தா, அது உறைய வச்ச செல்ல காப்பாத்த சேத்த டிஎம்எஸ்ஓங்கற திரவம், உடம்புல மாறி மூச்சு வழியா வெளிய போறது, நோய் இல்ல.

ஏஎன்சின்னு ரிப்போர்ட்ல ஒரு வரி இருக்கும் பாருங்க, அது நியூட்ரோஃபில் கணக்கு. தினமும் ஒரு நோட்டுல குறிச்சுட்டு வாங்க. அது 500-க்கு மேல தொடர்ந்து மூணு நாள் நின்னாதான் செல் ஒட்டிக்கிச்சுனு டாக்டருங்க சொல்வாங்க. நடுவுல ஒரு நாள் ஏறி மறுநாள் எறங்கும், எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் ஆச்சு, அன்னைக்கு நான் அழுதுட்டேன். மூணு நாள்னு கணக்கு வச்சதே அந்த ஏத்த எறக்கத்துக்காகத்தான்னு அப்பறம்தான் தெரிஞ்சுது.