ஒரு காயில் செத்தாலும் ஓடும் ஆர்எக்ஸ்-8: அதில்தான் ஆபத்து

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது அடிக்கடி சொல்வது இது: "பிக்கப் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு, பெட்ரோல் அதிகமா குடிக்குது. மத்தபடி நல்லாத்தான் ஓடுது." இப்படி வரும் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது, பிளக்கில் பொறி அடிக்க மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைத்தான்.

சாதாரண பிஸ்டன் என்ஜினில் ஒரு காயில் போனால் ஒரு சிலிண்டரே படுத்துவிடும். வண்டி உதறும், ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆர்எக்ஸ்-8இல் இருப்பது ரோட்டரி என்ஜின்: பிஸ்டனுக்குப் பதிலாக, சுழலும் முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே லீடிங், மேலே டிரெயிலிங் என இரண்டு பிளக். ஆக மொத்தம் நான்கு பிளக், நான்கு காயில். எரிக்கும் வேலையில் பெரும்பங்கு லீடிங்குடையது. அதனால் டிரெயிலிங் காயில் ஒன்று செத்தாலும் லீடிங் எப்படியோ சமாளித்துவிடும். செக் என்ஜின் விளக்குகூட எரியாமல் போகலாம்.

ஆனால் சரியாக எரியாத பெட்ரோல் சும்மா போவதில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அது தாங்காத அளவுக்குச் சூடேறி, உள்ளே இருக்கும் கண்ணறைகள் உருகி அடைத்துக்கொள்கின்றன. புகை வெளியேற வழியில்லை என்றால் சூடு என்ஜினுக்கே திரும்பும், ரோட்டரின் சீல்கள் அடி வாங்கும். காயில் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, என்ஜினைப் பிரிப்பதில் போய் நிற்கும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே மிதிக்காதீர்கள்.

இந்த வண்டியில் காயில் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் வேலைப்பளு. பிளக்குக்கு ஒரு காயில் உள்ள நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். ரோட்டரியில் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஒவ்வொரு காயிலும் வினாடிக்கு 150 முறை அடிக்கிறது. கூடவே என்ஜின் சூடு வேறு. மாஸ்டாவே இந்தக் காயிலைப் பின்னால் திருத்தி வெளியிட்டது. பாக எண் 'சி' என்று முடிவதைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிட்டு "காயில் நல்லா இருக்கு" என்று சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் காயிலுக்குள்ளேயே மின்சாரத்தை விட்டு நிறுத்தும் இக்னைட்டர் இருக்கிறது, அதன் நிலையை ஓம் அளவு சொல்லாது. தவிர, ஆறிய நிலையில் ஒழுங்காக இருக்கும் காயில் சூடேறியதும் சறுக்கும். அதனால் வண்டியை நன்றாக ஓட்டி, சூடாக இருக்கும்போதே, ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை மின்னும் டைமிங் லைட்டை நான்கு பிளக் ஒயரிலும் ஒவ்வொன்றாக மாட்டி, ரேஸ் கொடுத்துப் பார்ப்பேன். நல்ல காயிலில் வெளிச்சம் ஒரே சீராக அடிக்கும். பலவீனமானதில் இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப்போகும். அப்புறம் பிளக்கைக் கழற்றினால், அந்த இடத்துப் பிளக் மட்டும் ஈரமாகவோ கரி பிடித்தோ இருக்கும்.

ஸ்கேனரில் பி0301 என்ற பழுதுக் கோடு வந்தால் முன் ரோட்டர், பி0302 என்றால் பின் ரோட்டர். முன், பின் லீடிங் காயில்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி காயில்தான். இப்படி இடம் மாற்றும்போது காயிலை மட்டும்தான் மாற்ற வேண்டும். கனெக்டரும் ஒயரும் பழைய இடத்துக்கே போக வேண்டும், தவறினால் பொறி தப்பான நேரத்தில் அடித்து என்ஜினையே கெடுக்கும். லீடிங் பிளக்கும் டிரெயிலிங் பிளக்கும்கூட வேறு வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது கூடாது.

ஒன்று போனால் நான்கையும் மாற்றுவதே என் வழக்கம், பிளக்கும் ஒயரும் சேர்த்து. மற்ற மூன்றும் அதே சூட்டில் அதே காலம் உழைத்தவை.

பொறி நான்கிலும் சீராக இருந்தும் திணறல் போகவில்லையா? கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்று அழுத்தப்படும் அளவைப் பார்க்க வேண்டும், அதுவும் ரோட்டரிக்கான கருவியில். ரோட்டரின் மூன்று முகங்களையும் அது தனித்தனியாகக் காட்டும். சாதாரண கேஜ் அதிகபட்ச அளவை மட்டும் காட்டிவிட்டு, பலவீனமான முகத்தை மறைத்துவிடும்.