புதுத் துணியில் மணம் தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

துணிகளுக்கு ஃபினிஷிங் செய்யும் தொழிலில் இருக்கிறேன். நறுமணம், கொசுவிரட்டி என்று எதையாவது துணியில் ஏற்றித் தரச் சொல்லி வருபவர்கள் சாம்பிளைக் கையில் வாங்கியதுமே முகர்ந்து பார்ப்பார்கள். மணம் குப்பென்று அடித்தால் அவர்களுக்கு முகம் மலரும். எனக்கு அங்கேதான் கவலை தொடங்கும்.

அந்த மணம் மைக்ரோ கேப்சூல்களுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியது. துணிக்குப் பயன்படுபவை பெரும்பாலும் சில மைக்ரான் அளவுதான். பருத்தி இழையின் தடிமனைவிடச் சிறியவை. உள்ளே எண்ணெய், வெளியே மெல்லிய பாலிமர் ஓடு. 1950களில் கார்பன் இல்லாத நகல் தாளுக்காக உருவான நுட்பம் இது. பேனா அழுத்திய இடத்தில் கேப்சூல் உடைந்து எழுத்து தெரியும். துணியில் பேனாவுக்குப் பதில் நம் உடம்பின் உராய்வு. உடுத்த உடுத்தக் கொஞ்சம் கொஞ்சமாக உடைய வேண்டும். தொடாமலே மணக்கிறது என்றால் ஓடுகள் ஏற்கெனவே உடைந்துவிட்டன, அல்லது எண்ணெய் ஓட்டுக்குள் போகவே இல்லை.

அப்படி வந்த ஒரு துணியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். இழைகளின் இடுக்கில் முழு உருண்டைகள் ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் காற்றுப்போன பந்துபோல நசுங்கிக் கிடந்தன. கரைசலில் தோய்த்த துணியைப் பிழியும் ரோலரில் அழுத்தம் அதிகம். செலவழித்த கேப்சூலில் பெரும்பங்கு ரோலரிலேயே போய்விட்டது.

அழுத்தத்தைக் குறைத்தால் மட்டும் தீர்ந்துவிடாது. கேப்சூல் துணியில் தானாக ஒட்டாது. அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பைண்டர், அதாவது ஒட்டுப் பசை, வேண்டும். குறைவாகப் போட்டால் முதல் துவைப்பிலேயே கேப்சூல் தண்ணீரோடு போகும். அதிகமானால் துணி விறைக்கும், காற்றோட்டம் குறையும், கேப்சூலும் பசைக்குள் புதைந்து உடையவே உடையாது. அப்புறம் பைண்டர் இறுகச் சூடு வேண்டும், பெரும்பாலும் 130 முதல் 150 டிகிரி. அந்தச் சூட்டில் ஓடு பலவீனமாக இருந்தால் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும். பருத்தியில் சிட்ரிக் அமிலம் கொண்டு கேப்சூலை இழையோடு வேதிப் பிணைப்பில் கட்டலாம். ஆனால் அதற்கு இன்னும் அதிகச் சூடு தேவை.

அதனால் மொத்தமாக வாங்குபவர்களிடம் நான் சொல்வது: புது சாம்பிளை விடுங்கள், பத்து முறை துவைத்த சாம்பிளைக் கேளுங்கள். அதன் ஓரத்தைக் கசக்கிவிட்டு முகருங்கள்.

'குளிரூட்டும் துணி' என்ற விளம்பரத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதில் கேப்சூலுக்குள் இருப்பது ஆக்டாடெக்கேன் போன்ற மெழுகு. சுமார் 28 டிகிரியில் உருகும்போது உடல் வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கணக்குப் போடுவோம். சட்டையில் 20 கிராம் கேப்சூல் இருக்கிறது, கிராமுக்கு 190 ஜூல் உறிஞ்சும் என்று வையுங்கள். மொத்தம் 3,800 ஜூல். சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்பு வெளியிடும் வெப்பம் ஏறக்குறைய 100 வாட். அதாவது 38 விநாடி வெப்பம். மெழுகு முழுதும் உருகிவிட்டால் அது சாதாரணச் சட்டைதான். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு அந்த மாற்றத்தின் தாக்கம் குறையும். நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு இதை விற்பது நியாயமில்லை.

குழந்தைத் துணி என்றால் ஓடு எதனால் ஆனது என்று கட்டாயம் கேளுங்கள். மெலமைன்-ஃபார்மால்டிஹைடு ஓடு உறுதியானது, ஆனால் தோலுக்கு எரிச்சல் தரும் ஃபார்மால்டிஹைடு மிச்சம் இருக்கலாம். துணியில் தீங்கான வேதிப்பொருள் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் சான்றிதழான ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 தோலில் படும் துணிக்கு அனுமதிப்பது கிலோவுக்கு 75 மில்லிகிராம். கைக்குழந்தைகள் துணியில் அது கண்டறியும் அளவுக்கே இருக்கக்கூடாது. சோதனை அறிக்கை இல்லையென்றால் நான் அந்த ஆர்டரை எடுப்பதில்லை. ஜெலட்டின், கைட்டோசான் போன்ற இயற்கைப் பொருள்களால் ஆன ஓடுகளும் இருக்கின்றன. துவைப்புக்கு அவ்வளவாகத் தாங்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், அடித்துத் துவைக்காமல் அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். சூடான இஸ்திரிப்பெட்டியை நேராக வைக்காதீர்கள்.